கறளேறிய காரை வாசிப்பது எப்படி? பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்கள் பற்றிய வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் இப்பகுதியில், 1960களிலும் 70களிலும் ஜப்பானில் உருவான ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து மல்லாவி முதல் முல்லைத்தீவு வரை பல இடங்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து, விரிவாக விடையளிக்கவேண்டியவற்றை இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (மல்லாவி): ஐயா, எங்கள் மாமாவின் வளவில் இரண்டு கதவுகள் கொண்ட டட்சன் 1200 கார் ஒன்று நிற்கிறது. 2010இல் நாங்கள் மீளக்குடியேறியபோது கொட்டிலின் கூரை இருக்கவில்லை. கார் மட்டும் அப்படியே இருந்தது. பதிவுப் புத்தகம் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. மாமாவும் இப்போது உயிரோடில்லை. அது எந்த ஆண்டுக் கார், உண்மையில் ஸ்போர்ட்ஸ் கார்தானா, திருத்த விரும்பினால் எங்கிருந்து தொடங்கவேண்டும்?

பதில்: இப்போதைக்கு ஸ்பனரையோ தண்ணீர்க் குழாயையோ கையில் எடுக்காதீர்கள் என்பதே நான் உங்களுக்கு முதலில் சொல்ல விரும்புவது. காரைக் கழுவி, கழற்றி, கறளைச் சுரண்டத் தொடங்கிய பின்னர்தான் பலர் அதன் வரலாற்றைத் தேடுகிறார்கள். அதற்குள் அந்த வரலாற்றின் பாதி குப்பையோடு போய்விடுகிறது. வன்னியில் பத்திரங்களும் படங்களும் பற்றுச்சீட்டுகளும் பெரும்பாலான வீடுகளில் அழிந்துவிட்டபடியால், காரின் உடலில் எஞ்சியிருக்கும் இலக்கங்களும் வண்ணப் படைகளும் ஒட்டுத்துண்டுகளுமே அதன் பத்திரம். அவற்றை முழுமையாகப் பதிவுசெய்த பின்னரே திருத்த வேலை தொடங்கவேண்டும்.

பகல் வெளிச்சத்தில், கார் நிற்கும் நிலையிலேயே, நான்கு பக்கமும் உள்ளும் அடியும் படம் எடுங்கள். பிறகு பொனட்டைத் திறந்து, எஞ்சின் அறையில் பொருத்தப்பட்டுள்ள சிறிய உலோகத் தகட்டைத் தேடுங்கள். டட்சன் கார்களை உருவாக்கிய நிசான் நிறுவனத்தின் அக்காலத் தகடுகளில் காரின் வகை, எஞ்சினின் கொள்ளளவு, எஞ்சின் இலக்கம், செசி இலக்கம் ஆகியன இருக்கும். தகட்டை உலோகத் தூரிகையால் தேய்க்கவேண்டாம். மண்ணெண்ணெய் தொட்ட மென்துணி போதும். வகைக் குறியீடு கேபி110 என்று இருந்தால் அது கூபே, அதாவது கூரை பின்னோக்கிச் சரியும் இரண்டு கதவுக் கார். பி110 என்று மட்டும் இருந்தால் செடான். இதே செசி இலக்கம் தகட்டுக்கு வெளியே காரின் உடலிலும் நேரடியாக அடிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது மிக முக்கியம், ஏனெனில் தகட்டைக் கழற்றி வேறு காரில் பூட்டலாம், உடலில் அடித்த இலக்கத்தை அவ்வளவு எளிதாக மாற்றமுடியாது. எழுத்து மங்கியிருந்தாலும் அதை மீண்டும் அடிப்பதோ அரத்தால் தேய்ப்பதோ கூடவே கூடாது. அது சட்டப்படி குற்றம். அத்தோடு காரின் அடையாளமும் நிரந்தரமாகச் சந்தேகத்துக்குரியதாகிவிடும்.

இந்த வகைக் கார் ஜப்பானில் சன்னி என்ற பெயரில் 1970இன் தொடக்கத்தில் வெளிவந்தது. அங்கு 1973இல் அடுத்த வடிவம் அதன் இடத்தைப் பிடித்தது. ஆகவே ஏறக்குறைய அந்த நான்கு ஆண்டுகளுக்குள் உங்கள் கார் அடங்கும் என்று எதிர்பார்க்கலாம். பதிவுப் புத்தகத்தின் விபரம் பின்னர் கிடைத்தாலும், இலங்கையில் முதன்முதல் பதிந்த ஆண்டையும் தொழிற்சாலையில் உருவான ஆண்டையும் ஒன்றாகக் கொள்ளாதீர்கள். 1970க்கும் 1977க்கும் இடையில் நம் நாட்டில் வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. திறந்த பொருளாதாரம் வந்த பின்னரே ஜப்பானிய வாகனங்கள் பெருமளவில் இறங்கின. எனவே அந்த இடைக்காலத்துக் கூபே ஒன்று மல்லாவிக்கு எப்படி வந்துசேர்ந்தது என்பதே தனியாக ஆராயத்தக்க விடயம். மாமாவோடு பழகிய வயதானவர்களிடம், குறிப்பாக அவர் வழக்கமாகச் சென்ற கராஜ்காரரிடம், இப்போதே கேட்டு எழுதிவைத்துவிடுங்கள்.

ஸ்போர்ட்ஸ் காரா என்று கேட்டிருக்கிறீர்கள். கடுமையாகப் பார்த்தால் அது குடும்பக் காரின் கூபே வடிவம். ஆனாலும் ஏறத்தாழ 700 கிலோ எடையும், பின்சக்கர இயக்கமும், ஐந்து மெயின் பெயரிங்குகளோடு உயர் வேகத்தைச் சலிக்காமல் தாங்கும் 1171 சிசி ஏ12 எஞ்சினும் கொண்ட அந்தக் கார், ஜப்பானியப் பந்தயத் தடங்களில் 1980களின் தொடக்கம் வரை ஓடியது. இரட்டைக் காபரேட்டர் பூட்டிய ஜிஎக்ஸ் வகைக்கு 83 குதிரைவலு என்று நிசான் குறிப்பிட்டிருந்தது. என்னைப் பொறுத்தவரை, பெயர்பெற்ற பெரிய கார்களுக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடு திருத்தப்படவேண்டிய கார் அது.

பத்திரம் தொடர்பாக: பதிவுப் புத்தகம் தொலைந்தமைக்கான பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மாமாவின் இறப்புச் சான்றிதழ், உரித்தை உறுதிப்படுத்தும் ஆவணங்கள், இலக்கத்தகடு, செசி இலக்கம், எஞ்சின் இலக்கம் ஆகியவற்றின் தெளிவான படங்கள் என்பவற்றைச் சேர்த்துக்கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தை அணுகுங்கள். இந்த வேலை முடியும் வரை காருக்காகப் பெரும் பணம் செலவழிக்கவேண்டாம்.

கேள்வி (முல்லைத்தீவு): கடற்கரையிலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில் வசிக்கிறேன். என்னிடமுள்ள பழைய கூபேயின் கதவுக்குக் கீழ்ப் பகுதி முழுவதும் கறள். டிங்கர் வேலைக்காரர் தகடு வைத்து ஒட்டி, பட்டி பூசித் தருவதாகச் சொல்கிறார். அது போதுமா?

பதில்: போதாது. அக்கால ஜப்பானியக் கார்களின் மிகப் பெரிய பலவீனம் கறள்தான். எடையைக் குறைப்பதற்காக மெல்லிய தகடு பயன்படுத்தினார்கள். இன்றைய கார்களைப்போல நாகப்பூச்சுத் தகடுகள் அன்று இல்லை. இரண்டு தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று மடிந்து பொருந்தும் இடங்களின் உட்பக்கத்துக்கு வண்ணமே போய்ச்சேரவில்லை. அந்த மடிப்புகளுக்குள் மழைநீரும் உப்புக்காற்றின் ஈரமும் இறங்கினால், வெளியே ஒரு சிறு கொப்புளம் தெரியும்போது உள்ளே கை நுழையுமளவு ஓட்டை இருக்கும். வன்னியின் செம்மண் சேறு சக்கர வளைவுகளுக்குள் அடைந்துவிட்டால், மாரி முடிந்து பல வாரங்களுக்கும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கதவுக்குக் கீழுள்ள பகுதியை நாம் அலங்காரத் தகடாக நினைத்துவிடக்கூடாது. தனிச் செசி இல்லாத இக்கார்களில் முன்பாதியையும் பின்பாதியையும் இணைத்துத் தாங்குவதே அந்தப் பெட்டி வடிவப் பகுதிதான். அதன் மேல் புதிய தகட்டை ஒட்டினால், உள்ளிருக்கும் கறள் புதிய தகட்டையும் தின்னும். மோதல் நேர்ந்தால் கார் நடுவில் மடியும். ஆகவே கறளேறிய தகட்டை, நல்ல உலோகம் தெரியும் இடம் வரை வெட்டி எடுக்கவேண்டும். வெட்டுவதற்கு முன்னர் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாக ஒட்டி, உடல் தொய்யாமல் தாங்கச் செய்யவேண்டும். இதைச் செய்யாமல் வெட்டிய பல கார்களில் பின்னர் கதவு சரியாகப் பூட்டப்படுவதேயில்லை. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டவும் வேண்டாம்.

எங்கெல்லாம் பார்க்கவேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன்: தரைத் தகடு, முன் மட்காட்டின் கதவோரக் கீழ்முனை, பின்சக்கர வளைவின் உட்புற விளிம்பு, உபரிச் சக்கரக் குழி, முன் கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் பள்ளம், பற்றறித் தட்டு. டட்சன் 240 இசட் காரில் பற்றறியின் அமிலம் கசிந்து தட்டையும் அதன் கீழிருக்கும் சட்டத்தையும் தின்றிருப்பது மிகப் பொதுவானது. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை உடல் முழுதும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்; காந்தம் பிடிக்காத இடத்தில் பட்டி தடிப்பாக இருக்கிறது என்று பொருள்.

தகட்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு என்பதால், காஸ் வெல்டிங்கின் அகன்ற சூட்டில் அது நெளிந்துவிடும். மிக் வெல்டிங் (கம்பி தானாகவே ஊட்டப்படும் மின் வெல்டிங்) உள்ள இடமாகப் பார்த்து, சிறு சிறு புள்ளிகளாக, ஓர் இடம் ஆறும் வரை வேறிடத்தில் ஒட்டும்படி கேளுங்கள். ஒட்டிய பின்னர் நாகம் கலந்த அடிப்பூச்சு, மூட்டுகளுக்கு அடைப்புப் பசை, பெட்டிப் பகுதிகளின் உள்ளே மெழுகு ஆகியவற்றைக் கட்டாயம் செய்விக்கவேண்டும். தொழிற்சாலை வைத்த நீர் வடியும் துளைகளைப் பட்டி அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் லொறிகளுக்குச் செய்வதுபோலப் பழைய எஞ்சின் ஒயிலை அடிப்பகுதிக்கு விசிறுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அது ரப்பர் புஷ்களை ஊதச் செய்து கெடுக்கும்; பின்னொரு நாள் வெல்டிங் செய்யும்போது தீப்பிடிக்கவும் இடமுண்டு.

கேள்வி (கிளிநொச்சி): எங்கள் வீட்டில் டட்சன் புளூபேர்ட் 510 நிற்கிறது. 90களில் பெற்றோல் இல்லாத காலத்தில் அப்பா அதை மண்ணெண்ணெயில் ஓட்டினார். நீண்டகாலமாக இயக்கவில்லை. அந்த எஞ்சினைக் காப்பாற்ற முடியுமா, அல்லது வேறு எஞ்சின் போடுவது நல்லதா?

பதில்: காப்பாற்ற முடியும் என்ற நம்பிக்கையோடு தொடங்குங்கள். உங்கள் அப்பாவைப்போன்றவர்கள் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு சிறு போத்தல் பெற்றோலில் எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நோயாளரையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஏற்றிச்சென்றதை இப்பகுதியில் எல்லோரும் அறிவார்கள். அந்தக் காலத்தின் அடையாளங்கள் எஞ்சினுக்குள் இன்னமும் இருக்கும். அவற்றைத் தெரிந்துகொண்டு திறப்பது நல்லது.

மண்ணெண்ணெயின் ஒக்டேன் அளவு மிகக் குறைவு என்பதால், அது உரிய கணத்துக்கு முன்னரே வெடித்து எஞ்சினைத் தட்டச்செய்யும். அதைத் தவிர்ப்பதற்காக டிஸ்ரிபியூட்டரைத் திருப்பித் தீப்பொறியைப் பிந்தச் செய்திருப்பார்கள். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து கீழே இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். அதனால் பெயரிங்குகள் தேய்ந்திருக்கலாம். ரிங்குகளின் பள்ளங்களில் கரி இறுகி, ரிங் அசையாமல் ஒட்டியிருக்கலாம். எரிபொருள் தாராளமாக இறங்கவேண்டும் என்பதற்காகக் காபரேட்டர் ஜெட்டின் துளையைப் பெருப்பித்திருக்கவும் கூடும். ஜெட்டின் மேல் பொறித்துள்ள இலக்கத்துக்கும் துளையின் உண்மையான அளவுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்த்தால் அது வெளிப்பட்டுவிடும்.

நீண்டகாலம் நின்ற எஞ்சினை பற்றறி கொடுத்து உடனே சுழற்றாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் மெல்லிய ஒயில் ஊற்றி, சில நாட்கள் ஊறவிட்டு, முன் கப்பியின் நட்டில் ஸ்பனர் போட்டுக் கையாலேயே மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இடையில் சைலன்சர் குழாயையும் காற்றுவடிகட்டிப் பெட்டியையும் பாருங்கள். நம் பக்கத்தில் குளவி மண்கூடு கட்டாத குழாயும் கறையான் புகாத சீற்றும் அரிது. எரிபொருள் தாங்கியைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்கின் ரப்பர் சீல்கள் அனைத்தையும் மாற்றும் வரை கார் சொந்த வலுவில் நகரக்கூடாது.

உங்கள் எஞ்சின் எல்16 ஆக இருந்தால், அதன் கொள்ளளவு 1595 சிசி. சிலிண்டரின் விட்டம் 83 மில்லிமீற்றர், பிஸ்டன் பயணிக்கும் தூரம் 73.7 மில்லிமீற்றர். இதே இரண்டு அளவுகளோடு ஆறு சிலிண்டராக நீண்டதுதான் 240 இசட் ஸ்போர்ட்ஸ் காரின் 2393 சிசி எல்24 எஞ்சின். இந்த உறவு உங்களுக்கு உதிரிப்பாகம் தேடும்போது பெரிதும் உதவும்; உலகம் முழுவதும் 240 இசட்டைப் பேணுவோர் மிகுதி என்பதால், அதே விட்டத்துக்கான ரிங்குகள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன.

சிலிண்டர் தலையைக் கழற்றும் வேளையில் ஒரு விடயத்தில் மிகுந்த கவனம் தேவை. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் தலையின் மேல் இருப்பதால், அதன் பற்சக்கரத்தைக் கழற்றியவுடன் டைமிங் செயின் தொய்ந்து, செயினை அழுத்தி நிற்கும் இழுவிசைக் கருவியின் முளை வெளியே பாய்ந்துவிடும். பிறகு அதை உள்ளே தள்ளுவதற்கு எஞ்சினின் முன்மூடி முழுவதையும் கழற்றவேண்டிவரும். இதைத் தடுக்க, கழற்றுவதற்கு முன்பே செயினின் இரு கரைகளுக்கும் நடுவில் ஒரு மர ஆப்பை மேலிருந்து இறக்கி இறுக்குவார்கள். நன்கு காய்ந்த பாலைமரத் துண்டொன்றைச் சீவிச் செய்துகொள்ளுங்கள். வெளியே எடுப்பதற்கு அதன் தலையில் ஒரு கம்பியும் கட்டிவையுங்கள்.

ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நம் நாட்டில் நிறுத்தப்பட்டதால் வால்வ் இருக்கைகள் கெடுமா என்று வேறு இரு வாசகர்களும் கேட்டிருந்தார்கள். மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களில் வால்வ் இருக்கை வார்ப்பிரும்புத் தலையிலேயே நேரடியாகக் கடையப்பட்டிருப்பதால் அந்தக் கவலை நியாயமானது. டட்சனின் எல் வகை, ஏ வகை எஞ்சின்களின் தலை அலுமினியம். அதில் கடினமான வளையங்களைத் தனியாகப் பதித்தே இருக்கை அமைத்திருக்கிறார்கள். சாதாரண ஓட்டத்துக்கு ஒக்டேன் 92 பெற்றோலே போதும். தீப்பொறி நேரத்தைத் தொழிற்சாலைக் கையேட்டின்படி மீண்டும் அமைக்க மறக்காதீர்கள்.

எஞ்சினை மாற்றவேண்டாம் என்றே நான் விரும்புகிறேன். இந்த 510 வகைதான் 1970இல் கிழக்கு ஆபிரிக்க சஃபாரி ரலியில் முதலிடம் பெற்றது. செம்மண் தெருக்களும் வெள்ளம் பாய்ந்த பள்ளங்களும் நிறைந்த அந்தப் பாதைகளை வென்ற அதே எஞ்சின் குடும்பம் பரந்தன் தெருக்களில் தடைக்காலத்தையும் தாண்டியிருக்கிறது. உங்கள் காரின் சிறப்பே அதில்தான் இருக்கிறது. தேய்ந்த பிஸ்டனையோ கரிபிடித்த ரிங்கையோ மாற்றினால், பழையதை எறியாமல் பெயரெழுதிப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

கேள்வி (வவுனியா): என்னிடம் 1970களின் டொயோட்டா செலிக்கா, டிஏ22 வகை, எஞ்சின் இல்லாமல் இருக்கிறது. பிற்கால 4ஏ-ஜிஇ எஞ்சின் ஒன்று கிடைக்கிறது. போடலாமா?

பதில்: டொயோட்டாவின் வகைக் குறியீட்டில் முதல் எழுத்து எஞ்சின் குடும்பத்தைக் குறிக்கும், டிஏ22 என்றால் டி வகை எஞ்சினோடு வந்த செலிக்கா. 1600 ஜிடி வகையில் யமஹாவின் பங்களிப்போடு உருவான இரட்டைக் கேம் 2டி-ஜி எஞ்சின், 1588 சிசி, இருந்தது. 4ஏ-ஜிஇ எஞ்சினும் 1587 சிசி இரட்டைக் கேம் எஞ்சின்தான். 1983இல் வந்த ஏஇ86 காரில் அது நீளவாட்டில், பின்சக்கர இயக்கத்துக்கு ஏற்றபடி பொருத்தப்பட்டிருந்தது. முன்சக்கர இயக்கக் கார்களிலிருந்து கழற்றியதாக இருந்தால் பல மாற்றங்கள் தேவைப்படும் என்பதை வாங்குவதற்கு முன் கவனியுங்கள்.

எஞ்சினே இல்லாத காரில் அதே நிறுவனத்து எஞ்சினைப் பூட்டுவதை நான் குறைசொல்லமாட்டேன். 2டி எஞ்சின் கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காவிட்டால் 4ஏ-ஜிஇ பொருத்துங்கள். ஆனால் எஞ்சின் தாங்கிகளைத் தனியாகச் செய்து போல்ட் போட்டுப் பூட்டுங்கள், காரின் சட்டத்தையோ, எஞ்சின் அறையை உட்பக்கத்திலிருந்து பிரிக்கும் தீச்சுவரையோ வெட்டாதீர்கள். நாளை சரியான எஞ்சின் கிடைத்தால் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்கவேண்டும். எஞ்சின் மாற்றத்தைப் பதிவுப் புத்தகத்திலும் முறைப்படி பதிந்துகொள்ளுங்கள்.

கேள்வி (நெடுங்கேணி): வெளிநாட்டிலிருக்கும் அண்ணா ஊரோடு வந்து தங்கவிருக்கிறார். அவருக்காகக் கொழும்பில் ஒருவர் விற்கும் ஃபெயர்லேடி 240 இசட் காரைப் பார்த்தோம். 1970ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனையானது என்கிறார். ஜப்பானிய ஆவணத்தின் பிரதியில் ‘ஷோவா 48’ என்று இருப்பதாக ஒருவர் வாசித்துச் சொன்னார். விலை மிக அதிகம். எப்படி உறுதிப்படுத்துவது?

பதில்: நீங்கள் பணம் கொடுப்பதற்கு முன் எழுதியது மிக நல்லது. ஷோவா என்பது ஜப்பானியப் பேரரசர் ஒருவரின் ஆட்சிக்கால ஆண்டுக்கணக்கு. அந்த ஆண்டோடு 1925ஐக் கூட்டினால் நம் வழக்கிலுள்ள ஆண்டு கிடைக்கும். ஆகவே ஷோவா 48 என்பது 1973. விற்பவர் சொல்லும் 1970 இந்த ஒரு கணக்கிலேயே தளர்ந்துவிடுகிறது. ஜப்பானிய ஆவணங்களில் முதற்பதிவு ஆண்டு இவ்வாறே குறிக்கப்படுவதால், இந்தக் கணக்கை இத்துறையில் இறங்கும் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்துகொள்ளவேண்டும். 1989இல் தொடங்கிய ஹெய்செய் ஆண்டுகளுக்கு 1988ஐக் கூட்டவேண்டும்.

அடுத்து, காரின் வரலாற்றைப் பாருங்கள். டட்சன் இசட் காரின் ஜப்பானியப் பெயரே ஃபெயர்லேடி இசட். அது 1969 இறுதியில் அறிமுகமானபோது ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கு 2000 சிசி எல்20 எஞ்சினும், சிறப்பு வகையான இசட்432க்கு 24 வால்வுகள் கொண்ட எஸ்20 எஞ்சினும் மட்டுமே கொடுக்கப்பட்டன. 2400 சிசி எஞ்சின் ஏற்றுமதிக் கார்களுக்குரியதாக இருந்தது. உள்நாட்டில் 240 இசட் விற்பனைக்கு வந்தது 1971இன் இறுதியில்தான். எனவே ‘1970இல் ஜப்பானில் விற்பனையான 240 இசட்’ என்ற கூற்றே பொருந்தாது.

நேரில் பார்க்கும்போது, தீச்சுவரில் அடித்திருக்கும் செசி இலக்கத்தை முதலில் வாசியுங்கள். எச்எஸ்30 என்று தொடங்கினால், வலப்பக்கச் சுக்கான் கொண்ட, 2400 சிசி எஞ்சினோடு பிறந்த கார். எஸ்30 என்று மட்டும் இருந்தால் அது 2000 சிசி காராகப் பிறந்து பின்னர் எஞ்சின் மாற்றப்பட்டது. அதுவும் நல்ல கார்தான், ஆனால் 240 இசட்டின் விலைக்கு உரியதன்று. எச்எல்எஸ்30 என்றால் இடப்பக்கச் சுக்கானோடு ஏற்றுமதியான கார். யாராவது பிஎஸ்30 என்று காட்டினால் இருமடங்கு கவனம் வேண்டும்; இசட்432 வகையில் ஏறத்தாழ 420 கார்களே உருவாகின, போலியாக ஆக்குவதற்கான ஆசையும் அதற்கேற்பப் பெரிது.

எஞ்சின் பிளாக்கின் பக்கத்தில் எல்24 என்ற குறியும் இலக்கமும் அடிக்கப்பட்டிருக்கும்; அந்த இலக்கம் தகட்டிலுள்ளதோடு ஒத்துப்போகவேண்டும். சிலிண்டர் தலையின் பக்கத்தில், பிளக்குகளுக்கு இடையே, வார்ப்பிலேயே ஒரு குறியீடு இருக்கும். 240 இசட் கார்களில் ஈ31 அல்லது ஈ88 தலைகளையே எதிர்பார்க்கலாம். என்42 என்று இருந்தால் அது பிற்கால 280 இசட்டிலிருந்து வந்த தலை. காபரேட்டர்கள் ஹிட்டாச்சி நிறுவனத்தின் இரட்டைக் காபரேட்டர்கள். எஸ்யூ என்ற பிரித்தானியக் காபரேட்டரின் வடிவத்தைத் தழுவியவை. இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது: மொறிஸ் மைனர் காரின் எஸ்யூ காபரேட்டரைப் பல்லாண்டு காலம் சீர்செய்த மூத்த மெக்கானிக்குகள் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் இன்னும் இருக்கிறார்கள். ஊசியும் மிதவையும் ஒயில் தணிப்பானும் எப்படி வேலைசெய்யும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவேண்டியதில்லை. காரைப் பார்க்கப் போகும்போது அப்படியொருவரைக் கூடவே அழைத்துச் செல்லுங்கள்.

கறள் பற்றி முல்லைத்தீவு வாசகருக்குச் சொன்ன அனைத்தும் இந்தக் காருக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பளபளக்கும் புதுவண்ணத்தைவிட, வெடித்துப்போன பழைய வண்ணத்தோடு நிற்கும் காரையே நான் நம்புவேன். அதில் மறைப்பதற்கு எதுவும் இல்லை. அண்ணாவிடம் சொல்லி விலையைப் பேசுவதற்கு முன், செசி இலக்கத்தின் படத்தை எனக்கு அனுப்பிவையுங்கள்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): நான் உயர்தர மாணவன், பொறியியல் தொழில்நுட்பம் படிக்கிறேன். என்னிடம் கார் இல்லை, வாங்கும் வசதியும் இல்லை. ஆனாலும் பழைய கார்களைப் பற்றி ஆராய ஆசை. நான் என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, உங்கள் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. 2000 ஜிடி காரை டொயோட்டா 1967க்கும் 1970க்கும் இடையில் 351 மட்டுமே உருவாக்கியது; மஸ்டா கொஸ்மோ ஸ்போர்ட் 1176 மட்டுமே வந்தது. இந்த எண்களை இன்று நாம் உறுதியாகச் சொல்லமுடிவது, எவரோ ஒருவர் பொறுமையாக எழுதிவைத்ததால்தான். ஜப்பானில் நாகாகுத்தேயில் டொயோட்டாவின் அருங்காட்சியகமும், ஸாமாவில் நிசானின் பழங்கார்ச் சேகரிப்பும், மோத்தேகியில் ஹொண்டாவின் சேகரிப்பு மண்டபமும் இருக்கின்றன. வன்னியில் எந்தெந்தக் கார் எந்தக் காலத்தில் ஓடியது, யார் திருத்தினார், உதிரிப்பாகம் இல்லாதபோது எதைக் கொண்டு சமாளித்தார் என்பதற்கு இப்படியொரு பதிவு இல்லை. அந்த வேலைக்குக் கார் தேவையில்லை.

உங்கள் ஊரின் மூத்த மெக்கானிக் ஒருவரிடமிருந்து தொடங்குங்கள். முன்கூட்டியே சொல்லி, அவருக்கு வசதியான நேரத்தில் சென்று, அனுமதி பெற்று ஒலிப்பதிவு செய்யுங்கள். ‘அந்தக் காலம் எப்படி இருந்தது’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘டட்சனின் வோட்டர் பம்ப் கெட்டால் எதைப் போட்டீர்கள்’, ‘கேஸ்கெட்டை எதில் வெட்டினீர்கள்’ என்று குறிப்பாகக் கேளுங்கள். கை செய்த வேலையைப் பற்றிக் கேட்டால் நினைவு தெளிவாக வரும். போரில் பறிகொடுத்த வாகனத்தைப் பற்றிப் பேசும்போது அவர் மனம் கனத்துப் பேச்சை நிறுத்தினால், வற்புறுத்தாமல் இன்னொரு நாள் செல்லுங்கள்.

பிறகு, ஊரில் நிற்கும் பழைய கார்களை உரிமையாளரின் அனுமதியோடு படம்பிடியுங்கள். முழுக் கார், வகைத் தகடு, எஞ்சின் அறை, சுக்கான் பக்கம், கண்ணாடிகளின் மூலையிலுள்ள தயாரிப்பாளர் அடையாளம் ஆகியவை அவசியம். எல்லாக் கண்ணாடியிலும் ஒரே அடையாளம் இருந்து ஒன்றில் மட்டும் வேறாக இருந்தால், அந்தக் கண்ணாடி பின்னர் மாற்றப்பட்டதென்று ஊகித்து, உரிமையாளரிடம் காரணம் கேட்கலாம். பழைய வண்ணத்தைத் தேடவேண்டுமானால், கைப்பெட்டியின் உட்புறத்தையும் கதவின் உள்மறைப்புக்குப் பின்னால் உள்ள தகட்டையும் பாருங்கள். மறுவண்ணம் பூசுபவர்கள் அங்கு கைவைப்பதில்லை. முழு செசி இலக்கத்தையும் இலக்கத்தகட்டையும் பொதுவெளியில் எவருக்கும் காட்டாதீர்கள். அவை உங்கள் குறிப்பேட்டில் மட்டும் இருக்கட்டும்.

படங்களைத் தாளில் அச்சிட்டால், ஒவ்வொன்றின் பின்புறத்திலும் தேதி, ஊர், காரின் வகைக் குறியீடு, யார் சொன்ன தகவல் என்ற நான்கையும் பென்சிலால் எழுதுங்கள். மை காலப்போக்கில் மறுபக்கத்துக்கு ஊறும். பிரதியொன்றைப் பாடசாலை நூலகத்திலும், இன்னொன்றை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் வைத்துவிடுங்கள்.